வைத்தியசாலையிலிருந்து வீட்டு வாசலுக்கு: பிரித்தானியாவிற் சிறார் தொழில்வழிச் சிகிச்சை வளர்ந்த கதை

வைத்தியத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையும் சத்திரசிகிச்சையின் வரலாற்றையுமே எழுதுகின்றனர். அம்மைப்பால் கண்டுபிடிக்கப்பட்ட கதை நம் மாணவர்க்குத் தெரியும். பெனிசிலின் கதையும் தெரியும். ஆயின், கைகால் வலுவற்ற ஒரு பிள்ளை தன் சட்டைத் தெறியைத் தானே பூட்டவும், தன் கையாலே உணவுண்ணவும், தன்னையொத்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து எழுதவும் உரிமை பெற்ற வரலாறு நமது பாடநூல்களில் இடம்பெறுவது அரிது. அவ்வரலாறு மருந்தின் வரலாறன்று. சட்டங்கள், பெற்றோர் இயக்கங்கள், வாடகை வீடுகள், நகரசபை வரவுசெலவுத் திட்டங்கள் ஆகியவற்றோடு பின்னிக் கிடப்பது அது. அதனாலேயே சமுதாய வரலாறு கற்பார்க்கு அது உரியதாகின்றது.

தொழில்வழிச் சிகிச்சை என்னும் பெயர் முதலில் மயக்கந் தருவது. பிள்ளைக்குத் தொழில் ஏது என்று கேட்போர் உளர். சிறுவரை உழைப்புக்குப் பழக்கும் ஏற்பாடோ இது என ஐயுறுவோரும் உளர். நமது இலக்கண ஆசிரியர்கள் ‘தொழிற்பெயர்’ என்று கூறும்போது தொழில் என்பதற்கு யாது பொருள் கொண்டனரோ அப்பொருளையே இங்கும் கொள்ளல் வேண்டும். உண்ணல், உடுத்தல், எழுதல், ஆடல், ஓடல் யாவும் தொழிலே. ஒருவர் நாள்தோறும் செய்யவேண்டியனவும் செய்ய விரும்புவனவுமாகிய வினைகளைச் செய்யவைப்பதே இச்சிகிச்சையின் வழி. அதுவே அதன் இலக்கும் ஆகும். பிள்ளைக்கு அவ்வினைகள் விளையாட்டும் கல்வியும் வீட்டு வாழ்க்கையுமாம்.

இன்று பிரித்தானியாவிலே சிறார்க்கெனச் சமூகத்திற் பணியாற்றும் முதுநிலைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் என ஒரு பதவி உண்டு. இப்பதவியிலுள்ளவர் – பெரும்பாலும் ஒரு பெண் – வைத்தியசாலைக் கட்டிலருகே நிற்பவரல்லர். காலையில் ஒரு பாடசாலை, நண்பகலில் ஒரு தொடர்மாடி வீடு, மாலையில் ஒரு பாலர் நிலையம் என அலைபவர். பெருமூளை வாதத்தாற் பாதிக்கப்பட்ட பிள்ளை வகுப்பறையில் நிமிர்ந்திருக்கத்தக்க நாற்காலி யாது? தசைத் தேய்வு நோயுற்ற சிறுவனை அவன் தாய் தன் முதுகு முறியாமற் குளிப்பாட்டுவது எவ்வாறு? பென்சிலைப் பிடிக்கவியலாத சிறுமி தானறிந்த விடையை வேறெவ்வகையில் வெளியிடலாம்? இத்தகைய வினாக்களையும் ஓர் அளவுநாடாவையும் சுமந்து திரிபவர் அவர். முதுநிலை என்பது அனுபவத்தை மட்டும் குறிப்பதன்று. இளையோரை வழிநடத்துவதும், காத்திருப்போர் பட்டியலில் எப்பிள்ளையை முன்னே எடுப்பது எனத் தீர்மானிப்பதும், வழக்கென்று வந்தால் அறிக்கை எழுதிக் கையொப்பமிடுவதும் அவர் தலைமீதே விழும். பதவிப் பெயரிலே ‘சமூகம்’ என்ற சொல் எவ்வாறு புகுந்தது என்பதே நாம் ஆராயப் புகுவது.

தொடக்கத்திற் பிள்ளைகள் வைத்தியசாலைக்கு அப்பால் எண்ணப்படவில்லை என்று கூறுதல் முற்றும் பொருந்தாது. 1900 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ஷ்றொப்ஷயர்ப் பகுதியிலுள்ள பஸ்சேர்ச் என்னும் கிராமத்தில் அக்னஸ் ஹன்ற் என்னும் தாதி ஓர் இல்லத்தை நிறுவினார். அவர் சிறுவயதிலேயே இடுப்பெலும்பு நோயுற்றுக் கால் ஊனமானவர். அங்கு வந்த பிள்ளைகள் பலர் எலும்புக் காசநோயால் முடங்கியவர்கள், ஏழைகளின் பிள்ளைகள். மாடிப்படிகளிற் பிள்ளைகளைத் தூக்கிச் செல்லுதல் இயலாதிருந்தமையால் தோட்டத்திலே திறந்த கொட்டகைகள் போடப்பட்டன. தூய காற்றே நோயைத் தீர்க்கும் என்ற கொள்கைப் புகழ் பின்னர் வந்தது. முதற் காரணம் மாடிப்படியே. பிள்ளைகள் வீடு திரும்பியபின் மீண்டும் நலிவதைக் கண்ட அவர், சுற்றுவட்டாரத்துச் சந்தைப் பட்டினங்களிற் பிற்பராமரிப்பு நிலையங்களை அமைத்து அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். சிகிச்சை பிள்ளையைத் தேடிச் சென்றமைக்கு அது முன்னோடி எனலாம்.

ஆயினும் புதிய தொழிற்றுறையை உருவாக்கியவை பிள்ளைகளின் தேவைகள் அல்ல. போரும் மனநோய் மருத்துவமனையுமே. முதலாம் உலகப் போரிற் காயமுற்ற சிப்பாய்களுக்கென றொபேட் ஜோன்ஸ் என்னும் சத்திரசிகிச்சையாளரின் முயற்சியால் இலண்டன் ஷெப்பேட்ஸ் புஷ் வைத்தியசாலையிற் பட்டறைகள் நடத்தப்பட்டன. சிப்பாய் மீண்டும் போர்முனைக்கோ ஆலைக்கோ திரும்பவேண்டும் என்ற அவசரம் அரசுக்கு இருந்தது. அங்கவீனமுற்ற பிள்ளை எங்குத் திரும்பவேண்டியவன் என எவரும் கணக்கிடவில்லை. அமெரிக்காவிலே 1917 இல் இத்துறையின் முதற் சங்கம் உருவாயிற்று. அந்நாட்டுக்குச் சென்று கண்டு திரும்பிய எலிசபெத் கசன் என்னும் மருத்துவர், 1930 இல் பிறிஸ்ரல் நகரிலே பிரித்தானியாவின் முதலாவது தொழில்வழிச் சிகிச்சைக் கல்லூரியைத் தொடங்கினார். இவ்வம்மையார் மருத்துவம் கற்குமுன் இலண்டன் சவுத்வாக்கில் ஒக்ரேவியா ஹில் நடத்திய ஏழைகள் குடியிருப்புகளிற் பணியாற்றியவர். நோயையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் அவருக்கு அங்கேயே வாய்த்திருத்தல் வேண்டும். ஆயின் அவர் கல்லூரியிற் பயின்றோர் வேலைக்குச் சென்ற இடங்களோ பெரும்பாலும் நெசவுத்தறியும் கூடைப் பின்னலும் நிறைந்த மருத்துவமனைக் கூடங்கள்.

இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியா பொதுநல அரசு என்று பெயர் பெற்றது. 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அனைவர்க்கும் இடைநிலைக் கல்வி அளித்தது. 1948 இல் தேசிய சுகாதார சேவை பிறந்தது. இவ்விரண்டும் தொழிலாள வகுப்பினர் நெடுங்காலம் போராடிப் பெற்ற பேறுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே கல்விச் சட்டத்தினுள்ளே ஒரு கொடுமை ஒளிந்திருந்தது. கடுமையான அறிவு வளர்ச்சிக் குறையுள்ள பிள்ளையைப் ‘பாடசாலையிற் கல்வி பெற இயலாதவர்’ என எழுத்திற் பதிந்து கல்வி முறைமையிலிருந்தே நீக்கிவிட அச்சட்டம் இடமளித்தது. பெற்றோர்க்கு அறிவித்தல் வரும். பிள்ளை பயிற்சி நிலையத்துக்கோ நீண்டகால மருத்துவமனைக்கோ போகும். ‘அனைவர்க்கும்’ என்ற சொல்லுக்குள் அடங்காதோர் இருந்தனர். ஆசிரியர்களாகிய நம் வாசகர்கள் இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

எதிர்ப்பு பெற்றோரிடமிருந்தே எழுந்தது. 1946 இல் ஜூடி பிறைட் என்னும் தாய் ஒரு சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து, பின்னாளில் ‘மென்கப்’ எனப் பெயர் பெற்ற பெற்றோர் சங்கம் பிறந்தது. 1952 இல் பெற்றோர் மூவரும் ஒரு சமூக சேவையாளரும் கூடிப் பெருமூளை வாதமுற்ற பிள்ளைகளுக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். பாடசாலைகளையும் நிலையங்களையும் தாமே தொடங்கி நடத்திய பின்னரே, அவை அரசின் கடமை என்று அவர்களால் வலியுறுத்த முடிந்தது.

அதே காலத்தில் வைத்தியசாலையின் சுவரும் உள்ளிருந்தே விரிசல் காணத் தொடங்கியது. தாயைப் பிரிந்து வைத்தியசாலையில் தங்கும் குழந்தையின் துயரை ஜேம்ஸ் றொபேட்சன் 1952 இல் ஒரு திரைப்படமாக்கினார். 1959 இல் வெளிவந்த பிளாற் அறிக்கை, பெற்றோர் பிள்ளையைத் தடையின்றிப் பார்க்கவேண்டும் என்றும், இயன்றவரை பிள்ளையை வீட்டிலேயே பராமரிக்கவேண்டும் என்றும் கூறியது. நாஸிகளிடமிருந்து தப்பி இலண்டன் வந்த யூத அகதிகளான பேர்த்தா போபாத், கறல் போபாத் தம்பதியர் பெருமூளை வாதமுற்ற பிள்ளைகளுக்குப் புதிய சிகிச்சை முறையொன்றை வகுத்தனர். பிள்ளையைத் தூக்குவதும் இருத்துவதும் உடுத்துவதும் எவ்வாறெனத் தாய்க்கும் கற்பிக்கப்பட்டது. அவ்வழியில் நின்ற நான்ஸி பின்னி 1968 இல் பெற்றோர்க்கென எழுதிய கைந்நூல் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தது. சிகிச்சையின் இரகசியம் நிபுணரின் கையிலிருந்து தாயின் கைக்குப் போனமை சிறு மாற்றமன்று.

எனினும் இக்காலச் சிகிச்சை யாவற்றையும் ஓர் எண்ணம் ஆண்டது. பிள்ளையை மற்றப் பிள்ளைகளைப் போல ஆக்குவதே வெற்றி என்பது அவ்வெண்ணம். அது எங்குக் கொண்டுபோய் விட்டது என்பதைத் தலிடொமைட் பிள்ளைகளின் கதை காட்டும்.

மேற்கு ஜேர்மனியில் 1957 இல் சந்தைக்கு வந்த தலிடொமைட் என்னும் மருந்தைப் பிரித்தானியாவில் 1958 முதல் டிஸ்ரிலேர்ஸ் என்னும் மதுபானக் கம்பெனி விற்றது. கருவுற்ற தாய்மார் உண்டனர். 1961 இறுதியில் மருந்து மீளப்பெறப்பட்ட போது, உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டதெனக் கணிக்கப்படும் பிள்ளைகள் கையோ காலோ குறைந்தவர்களாய்ப் பிறந்திருந்தனர், அல்லது பிறக்கவிருந்தனர். இலாபத்தின் பொருட்டு முறையாகச் சோதிக்கப்படாத மருந்தொன்று விற்கப்பட்டமைக்கு அரசும் கம்பெனியும் தேடிய கழுவாய்களுள் ஒன்று செயற்கைக் கை. இலண்டன் றோஹம்ப்ரன், சசெக்ஸிலுள்ள செயிலி, ஸ்கொத்லாந்தின் எடின்பரோ ஆகிய இடங்களிற் பொறியியலாளரும் சிகிச்சையாளரும் இதில் முனைந்தனர். காபனீரொட்சைட்டு வாயுவை அடைத்த சிறு குடுவைகளால் இயங்கும் கைகள் செய்யப்பட்டன. அவை பாரமானவை, மெதுவானவை, தொட்ட பொருளின் சூட்டையும் குளிர்மையையும் உணராதவை. அவற்றைப் பூட்டிக்கொண்டு பழகுமாறு நாள்தோறும் பிள்ளைகளைப் பயிற்றும் கடமை தொழில்வழிச் சிகிச்சையாளரைச் சார்ந்தது.

பிள்ளைகளோ அவற்றைக் கழற்றி வைத்தனர். கையில்லாத பிள்ளைகள் தம் காலாற் கரண்டி பிடித்தனர், காலால் எழுதினர், வாயாலும் தோளாலும் கன்னத்தாலும் தம் காரியங்களை முடித்தனர். செயற்கைக் கை பூட்டிய பிள்ளை காண்போர் கண்ணுக்கு இதமாயிருந்தது. கழற்றிய பிள்ளையோ வேலை செய்தது. வளர்ந்தபின் மிகப் பலர் அவற்றை அறவே கைவிட்டனர். எவருடைய வசதிக்காக அக்கை செய்யப்பட்டது என்ற வினாவை ஐந்து வயதுப் பிள்ளைகள் தம் செயலாலே எழுப்பிவிட்டனர். கண்ணுள்ள சிகிச்சையாளர் சிலர் அதனைக் கண்டுகொண்டனர். பிள்ளை காலால் எழுதுமாயின் மேசையைத் தாழ்த்துவதல்லவோ அறிவுடைமை! நாற்பது பிள்ளைகளை ஒரே உயர வாங்கில் இருத்திப் பழகிய நமக்கும் இவ்வினாவில் வேலையுண்டு.

1970 ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்பமாகும். மான்செஸ்ரரைச் சேர்ந்த தொழிற்கட்சி உறுப்பினர் அல்ப் மொறிஸ், போரில் விஷவாயுவுக்கு இரையாகி நோயுற்று மாண்ட தந்தையின் மகன், வறுமையில் வளர்ந்தவர். தனியார் சட்டமூலங்களுக்கான சீட்டிழுப்பில் அவர் பெயர் முதலில் வந்தது. அவர் கொணர்ந்த நாட்பட்ட நோயாளர், அங்கவீனர் சட்டம் 1970 மே மாத இறுதியில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னர் நிறைவேறிற்று. ஒருவர்க்கு வீட்டில் மாற்றங்களோ விசேட சாதனங்களோ அவசியமெனத் தெளிந்தால், அவற்றைப் பெறுவதற்கு உதவுதல் உள்ளூராட்சி மன்றத்தின் கடமை என்றது அதன் இரண்டாம் பிரிவு. தர்மம் கடமையாயிற்று.

அவசியம் என்று தெளிபவர் யார்? இவ்வினாவிலேதான் சமூகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் பிறந்தார் எனலாம். மாடிப்படியின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் அளந்து, பிள்ளையின் உடலியல்பையும் தாயின் வலுவையும் எடைபோட்டு ‘அவசியம்’ என்று எழுதத்தக்கவர் ஒருவர் மன்றங்களுக்குத் தேவைப்பட்டார். கூடைப் பின்னலை விட்டு அளவுநாடாவை எடுத்தமை இத்துறையின் பெருமைகளுள் ஒன்று என்பது எம் கருத்து. அதே ஆண்டின் வேறொரு சட்டத்தால், 1971 ஏப்ரல் முதல், ‘கல்வி பெற இயலாதவர்’ என்ற வகுப்பே ஒழிந்தது. எப்பிள்ளையும் கல்விக்குரிய பிள்ளையாயிற்று. எப்பாடசாலைக்கும் சிகிச்சையாளர் செல்லவேண்டியதாயிற்று. அவ்வாண்டிலேயே ஆசிரியையான மொறீன் ஒஸ்வின், நீண்டகால மருத்துவமனைகளில் வாழும் பிள்ளைகளின் வார இறுதி நாட்களை நேரிற் கண்டு ஒரு நூல் எழுதினார். அப்பிள்ளைகளுக்கு அந்நாட்களிற் செய்வதற்கு எதுவும் இல்லை. தொழிலின்மையே ஒரு நோய் என்பதை மருத்துவரினும் ஓர் ஆசிரியை நன்கு விளக்கினார்.

1976 இல் வெளிவந்த கோட் அறிக்கை, பல துறையினரும் கூடி ஒரு பிள்ளையை ஆராயும் மாவட்டக் குழுக்களைப் பரிந்துரைத்தது. ஆனால் 1974 இன் நிருவாகச் சீர்திருத்தம் ஒரு பிளவை ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தது. பாடசாலைச் சுகாதாரம் உட்பட உடல்நலப் பணிகள் தேசிய சுகாதார சேவைக்குள் அடங்கின. வீட்டு மாற்றங்களோ உள்ளூராட்சி மன்றத்திடமே நின்றன. பிள்ளையின் கையை ஒரு சிகிச்சையாளரும் அதே பிள்ளையின் குளியலறையை இன்னொருவரும் பார்க்கும் வியப்பு இவ்வாறு உண்டாயிற்று. பல இடங்களில் அது இன்றும் நீடிக்கின்றது. இருவர்க்கும் ஒரே கல்வி, ஒரே பட்டம். பணப்பெட்டி மட்டும் வேறு.

இதே ஆண்டுகளில் அங்கவீனமுற்றோரே தத்துவப் போரிற் குதித்தனர். இல்லமொன்றில் அடைபட்டு வாழ்ந்த போல் ஹன்ற் 1972 இல் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் ஓர் இயக்கத்துக்கு வித்திட்டது. தென்னாபிரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராடிச் சிறை சென்று பிரித்தானியாவை அடைந்த விக் பின்கெல்ஸ்ரைன் அதிற் சேர்ந்தார். உடற்குறை ஒன்று, அங்கவீனம் வேறொன்று. உடற்குறையுள்ளவரை அங்கவீனராக்குவது சமுதாயமே என 1976 இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. மருத்துவத்தைச் சார்ந்த தொழில்கள் சமூகத்தைச் சார்ந்த தொழில்களாக மாறவேண்டும் எனப் பின்கெல்ஸ்ரைன் பிற்காலத்தில் வற்புறுத்தினார். நிறவெறியைக் கண்டவர்க்கு, ஒரு கட்டடத்தின் வாசல் யாரை உள்ளே விடுகின்றது என்பது சின்ன விஷயமாகத் தோன்றாது.

ஆய்வுலகும் மெல்ல அத்திசையே திரும்பியது. அமெரிக்கப் பெண்மணி ஜீன் எயர்ஸ் 1972 இல் நூலாக்கிய புலன் ஒருங்கிணைப்புக் கொள்கை ஊஞ்சல்களையும் உருளைகளையும் சிகிச்சை அறைகளுக்குக் கொணர்ந்தது. அதன் பயன் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. 2013 இல் அவுஸ்திரேலியாவின் இயோனா நோவாக்கும் உடனாய்வாளரும் பெருமூளை வாதச் சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். நிபுணர் பிள்ளையின் உடலைப் பிடித்து இயக்கும் முறைகளுக்குச் சான்று குறைவு. பிள்ளை தான் விரும்பும் வினையைத் தன் வீட்டிலே திரும்பத் திரும்பச் செய்து பழகுதற்கே சான்று வலிது என்று கண்டனர். போபாத் முறையும் இத்தீர்ப்பிற் சேதமுற்றது. அதனால் அவ்வகதித் தம்பதியரை எள்ளி நகையாடுதல் தகாது; தாயை உள்ளே அழைத்த கதவு அவர்கள் திறந்தது.

தத்துவம் தெளிந்தது, பணம் தெளியவில்லை. 1997 இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள், மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒருவரது தேவையை மதிப்பிடும்போது மன்றம் தன் பணவசதியையும் கருதலாம் எனத் தீர்த்தனர். வழக்காடியவர் ஒரு முதியவர்; ஆயின் அத்தீர்ப்பு பிள்ளைகளின் குளியலறைகள் மீதும் நிழலிட்டது. மறு ஆண்டே வேறொரு வழக்கில், நோயுற்ற சிறுமியொருத்திக்கு வீட்டிற் கற்பிக்கும் நேரத்தை வாரம் ஐந்து மணியிலிருந்து மூன்றாகக் குறைத்த மன்றத்தை அதே சபை கண்டித்தது. கல்விக் கடமையைப் பணமின்மை குறைக்காது என்றது. ஒரே உதவி கல்வி எனப்பட்டால் உரிமை. பராமரிப்பு எனப்பட்டால் கையிருப்பைப் பொறுத்தது. அன்றுதொட்டு, ஒரு பிள்ளைக்குக் கரண்டி பிடிக்கக் கற்பிப்பது கல்வியா என்ற கேள்வி தத்துவ வினாவாக இல்லாமற் சட்ட வினாவாயிற்று.

வீட்டு மாற்றங்களுக்கான மானியம் 1990 இல் நடைமுறைக்கு வந்தபோது பெற்றோரின் வருமானம் கணக்கிடப்பட்டது. சற்றே உழைக்கும் குடும்பம் மானியத்தை இழந்து, கடன்பட்டுச் சாய்தளம் கட்டியது. அல்லது கட்டாமல் வளரும் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தது. பெற்றோரின் கிளர்ச்சியால், பிள்ளைகளைப் பொறுத்தவரை அவ்வருமானச் சோதனை இங்கிலாந்தில் 2005 இறுதியில் நீக்கப்பட்டது. 2008 இல் அதன் உச்ச வரம்பு 30,000 பவுண் என விதிக்கப்பட்டது. கட்டடச் செலவு அவ்வரம்பைக் கேட்டு ஏறவில்லை.

2004 இல் புதிய சம்பளத் திட்டம் வந்தபோது, இரு படிகளாயிருந்த ‘முதுநிலை’ என்ற தரம் ஏட்டிலிருந்து மறைந்து ஆறாந் தரம் என்ற இலக்கமாயிற்று. பேச்சு வழக்கில் அச்சொல் அழியவில்லை, வேலை பெருகிற்று. 1994 முதல் இயங்கும் விசேட கல்வி நியாய சபையிற் பெற்றோர் மன்றத்தை எதிர்த்து வழக்காடலாம். வசதியுள்ளோர் தனியார் சிகிச்சையாளரிடம் பணங்கொடுத்து அறிக்கை பெறுவர்; இயலாதோர் பொதுச் சேவையின் முதுநிலையாளர் எழுதும் ஒரே அறிக்கையை நம்பியிருப்பர். அவரோ மன்றத்தின் நெருக்கடியையும் அறிந்தவர். காத்திருப்போர் பட்டியலைத் தம் கையாலேயே எழுதுபவர்.

2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் ஒரே திட்டப் பத்திரத்தில் இணைத்தது. தேவையுள்ளோர்க்கு அதனை இருபத்தைந்து வயதுவரை நீட்டவும் இடமளித்தது. பிள்ளைக்குக் கற்பிக்கும் அல்லது பயிற்சியளிக்கும் சுகாதார உதவியைக் கல்வி உதவியாகவே கொள்ளவேண்டும் என அதன் 21 ஆம் பிரிவு விதித்தது. கரண்டி பிடிக்கப் பழக்குவது கல்விதான் என்று வாதிட இப்போது சட்டத்திலேயே இடமுண்டு. ஆதலின் போராட்டம் இன்று அப்பத்திரத்தின் சொற்களில் நடக்கின்றது. ‘தேவைக்கேற்பத் தொழில்வழிச் சிகிச்சை அளிக்கப்படும்’ என்ற வாசகத்தை மன்ற அதிகாரிகள் விரும்புவர். அது எவரையும் எதற்கும் கட்டாது. வாரத்துக்கு எத்தனை நிமிடம், எவரால், எவ்விடத்தில் என்று எழுதினாற் கட்டும். இரு வாசகங்களுள் எது பத்திரத்தில் ஏறுகின்றது என்பது பெரும்பாலும், அன்று காலை அப்பிள்ளையை வகுப்பறையிற் கண்டு வந்த முதுநிலைச் சிகிச்சையாளர் பிற்பகலில் எழுதும் இரண்டு வரிகளைப் பொறுத்திருக்கின்றது.